மேப் இருந்தும் வழி மனசுல நிக்கலையா? இப்படி மாத்திப் பாருங்க

அஞ்சு தடவை போன இடத்துக்கு ஆறாவது தடவையும் மேப் போட்டுத்தான் போறீங்களா, அது மறதி மட்டும் இல்ல, டிசைனும்தான். நீங்க திரும்பினா மேப்பும் சேர்ந்து திரும்புது, நீல அம்புக்குறி மட்டும் அசையாம நிக்குது, உலகமே உங்களைச் சுத்தினா திசை எப்படிப் பதியும்?

கூகுள் மேப்ஸ் செட்டிங்ஸ்ல நேவிகேஷனுக்குப் போய் வடக்கு எப்பவும் மேல இருக்கற மாதிரி வச்சிடுங்க. தெற்கே போறப்ப இடது வலது மாறித் தெரிஞ்சு கடுப்பாகும், விட்டுடாதீங்க. கிளம்பறதுக்கு முன்னாடி முழு ரூட்டையும் ஒரே ஸ்கிரீன்ல சுருக்கி, ஆறோ ரயில் பாதையோ எந்தப் பக்கம் வருதுன்னு பாருங்க. (2000 மே வரைக்கும் பொதுமக்களோட ஜிபிஎஸ்ல அமெரிக்கா வேணும்னே பிழை சேர்த்து வச்சிருந்துச்சு, 100 மீட்டர் வரைக்கும் தள்ளிக் காட்டும், அப்பவும் எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்தாங்கதானே.) திரும்பி வர்றப்ப வாய்ஸை ஆஃப் பண்ணி ஃபோனை பாக்கெட்ல போட்டுடுங்க, நிஜமாவே தொலைஞ்சா மட்டும் எடுங்க.