வெளியூரில் இருக்கும் உதவியாளருக்கு வேலை சொல்வது எப்படி?

ஈரோட்டில் எங்களுக்கு மஞ்சள் மண்டி. கணக்கு பார்க்கும் உதவியாளர் கோபியில் (கோபிசெட்டிபாளையம்) வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் "அந்த விலையை எடுத்துப் போட்டுடுங்க" என்றால் போதும். விரித்து வைத்த நோட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார். கோபியில் இருப்பவருக்கு அந்த நோட்டு தெரியாது. அதில் உள்ளதையெல்லாம் நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

1. எதற்காக என்பதை முதலில் சொல்லுங்கள். "10 மணிக்கு வெளியூர் வியாபாரிகளுக்கு விலை அனுப்பணுங்க" என்று ஒரு வரி போதும். எது அவசரம் என்று அவரே கணித்துக்கொள்வார்.

2. அடுத்தது விவரம். நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். "மஞ்சள் விலை அனுப்புங்க" என்றால் விரல் மாதிரி நீளமான விரலியா, உருண்டையான கிழங்கா? ஈரோடா, பெருந்துறையா, கோபியா? கிலோவுக்கா, 100 கிலோ குவிண்டாலுக்கா? நான் இப்படி எழுதுவேன்:

"அம்மணி, பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நேத்து நடந்த ஏலத்தில் விரலி, கிழங்கு ரெண்டுக்கும் குறைந்த விலை, அதிக விலை வேணுங்க. குவிண்டால் கணக்கில் கூகுள் ஷீட்டில் நேத்து தேதிக்கு நேரே போடுங்க. காலை 9.30க்குள்ள முடிச்சுடுங்க. ஏலம் நடக்கலைன்னா 'ஏலம் இல்லை'ன்னு எழுதுங்க."

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். கட்டம் காலியாக இருந்தால் ஏலம் நடக்கவில்லையா, அவர் மறந்துவிட்டாரா என்று தெரியாமல் மறுபடி போன் போட வேண்டிவரும்.

3. ஷீட்டில் முதல் இரண்டு வரியை நீங்களே நிரப்பிக் காட்டுங்கள். தேதி எப்படி எழுதுவது, எந்த எண் எந்தக் கட்டத்தில் என்பதற்குத் தனி விளக்கமே வேண்டாம்.

4. சந்தேகமான எண்ணை ஊகித்துப் போட வேண்டாம், கட்டத்தைச் சிவப்பாக்கிவிட்டு மெசேஜ் அனுப்பட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாய்ஸ் மெசேஜில் பேசினாலும் எண்களை மட்டும் டைப் செய்து அனுப்புங்கள்.

5. அப்புறம், "புரிஞ்சுதுங்களா?" என்று கேட்காதீர்கள். நம்ம பக்கம் அதற்கு "சரிங்க" என்றுதான் பதில் வரும். மறுபடி கேட்டால் மரியாதையாக இருக்காது என்று நினைப்பார்கள். "என்ன செய்யப் போறீங்கன்னு ஒருக்கா சொல்லுங்க" என்று கேளுங்கள். எங்கள் உதவியாளர் அப்படித் திருப்பிச் சொல்லும்போதுதான், "புது மஞ்சளுக்கு மட்டுங்களா, பழசுக்கும் சேர்த்துங்களா?" என்று நிறுத்திக் கேட்டார். நான் அதை எழுதவே இல்லை. இப்போது அதற்கும் ஒரு வரி சேர்த்துத்தான் அனுப்புகிறேன்.