மானாவாரிச் சரிவு நிலத்தில் எங்கே எதை வைப்பது: மண்ணையும் நீரையும் பார்த்து முடிவு செய்யும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் செம்மண் சரிவுகளில் நிலம் வைத்திருப்பவர்கள், ராகியையும் நிலக்கடலையையும் விட்டு இனி என்ன வைக்கலாம் என்று யோசிக்கும்போது பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்றிலிருந்தே கணக்கைத் தொடங்குகிறார்கள். அது தலைகீழான வரிசை என்பது என் கருத்து. மேல்மண் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, பெய்யும் மழை எந்த வழியாக வெளியேறுகிறது என்ற இரண்டையும் அறிந்த பிறகே பயிரையும் கிணற்றையும் பற்றிப் பேச வேண்டும்.

ஒரு கனமழை ஓய்ந்ததும் நிலத்தின் மேட்டிலிருந்து பள்ளம் வரை நடந்து பாருங்கள். சிறு கூழாங்கல் ஒவ்வொன்றும் ஒரு விரற்கடை உயர மண்தூணின் மேல் குந்தியிருந்தால், சுற்றியிருந்த மண் அந்த அளவுக்குக் கரைந்து போயிருக்கிறது என்று பொருள். ஓர் ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மண் போனாலே அது 5 டன்னுக்கு மேல். கண்ணுக்கு அது தெரிவதேயில்லை. பிறகு மேடு, நடு, பள்ளம் ஆகிய மூன்று இடங்களிலும் கடப்பாரையால் குழி தோண்டி, சரளை தட்டும் ஆழத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பள்ளத்தில் முழங்கால் ஆழம் மண் இருக்கும் நிலத்தில், மேட்டில் ஒரு சாண்கூட இராது.

அடுத்தது வாட்டம், அதாவது நிலத்தின் சரிவு. கொத்தனார்கள் வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலே இதற்குப் போதும். 30 மீட்டர் தொலைவில் 60 சென்டிமீட்டர் இறக்கம் இருந்தால் வாட்டம் 2 சதவீதம். அதே குழாயைக் கொண்டு ஒரே மட்டத்தில் உள்ள புள்ளிகளைக் கண்டு முளைக்குச்சி அடித்துக்கொண்டே போனால் சமமட்டக் கோடு கிடைத்துவிடும். உழவும் விதைப்பும் அந்தக் கோட்டை ஒட்டியே நடக்க வேண்டும். இங்குதான் சிக்கல். பாகப்பிரிவினையில் எல்லோருக்கும் பாதை முகப்பு வேண்டும் என்று நிலத்தை மேலிருந்து கீழாக நீளநீளமாகக் கிழித்து வைத்திருக்கிறோம். டிராக்டர் ஓட்டுநரும் அடிக்கடி திரும்ப வேண்டாம் என்று நீளவாக்கில்தான் ஓட்டுவார். ஒவ்வொரு உழவுச்சாலும் அப்போது ஒரு வாய்க்காலாகிறது. பங்காளிகள் கூடிப் பேசி இரண்டு மூன்று பாகங்களைச் சேர்த்துக் குறுக்கே உழுவதைவிட மலிவான மண் பாதுகாப்பு எனக்குத் தெரிந்து வேறில்லை.

2 சதவீத வாட்டத்துக்குச் சமமட்டக் கோட்டை ஒட்டி ஏறத்தாழ 40 மீட்டருக்கு ஒரு மண்கரை போடலாம். வாட்டம் கூடக்கூட இடைவெளி குறைய வேண்டும். கரையின் மேல் 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் வெட்டிவேர் நட்டால் அது மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மிகுதி நீர் வழிய, கல் பதித்த வழிகால் கட்டாயம் வேண்டும். அது இல்லாத கரை முதல் பெருமழையிலேயே உடைந்து, கரையே போடாத நிலத்தைவிட அதிகச் சேதம் செய்யும். கரிசல் நிலத்துக்கு இம்முறை ஒத்துவராது, ஏனெனில் கோடையில் கரை வெடித்துவிடும்.

வழிகால்கள் சேரும் பள்ளத்தில்தான் பண்ணைக்குட்டையின் இடம். ஒரு ஹெக்டேரில் 40 மில்லிமீட்டர் மழை பெய்து அதில் கால்பங்கு ஓடி வந்தால் 1 லட்சம் லிட்டர் சேரும். ஓர் ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் உயரம் நீர் பாய்ச்ச 2 லட்சம் லிட்டர் வேண்டும் என்பதால், குட்டையை நம்பி நெல்லோ வாழையோ வைக்க முடியாது. பூக்கும் பருவத்தில் மழை பொய்த்தால் ஓர் உயிர்த்தண்ணீர் விடலாம், அவ்வளவே. செம்மண் நீரை உறிஞ்சிவிடும். அடியில் களிமண் பூசினால் சில நாள் கூடுதலாக நிற்கும்.

இனிப் பயிர். சரளை ஒரு சாணுக்குள் தட்டும் மேட்டை உழவிலிருந்து விடுவித்து, புளி, சீத்தா போன்ற மரங்களுக்கும் ஆட்டுக்கான கொழுக்கட்டைப்புல்லுக்கும் விட்டுவிடுவது நல்லது. உழுதுகொண்டே இருந்தால் அங்கே மிஞ்சியதும் போய்விடும். நடுப்பகுதியில் சாமை, கொள்ளு. ஆழமான பள்ளத்தில் ராகி, நிலக்கடலை, ஊடுபயிராகத் துவரை. மா வைக்க விரும்பினால், குழியில் சரளைக்குக் கீழே வேர் இறங்க வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

குட்டைக்கு முன்னால், நீரோடு வரும் மண் தங்க ஒரு வண்டல் குழி வெட்டி வையுங்கள். கோடையில் அதில் தேங்கிய மண்ணை அள்ளி நடுப்பகுதியில் பரப்பும்போது எத்தனை கூடை வந்தது என்று ஆண்டுதோறும் எண்ணி எழுதி வாருங்கள். எண்ணிக்கை குறையாவிட்டால் மேலே எந்தக் கரையோ வழிகாலோ பழுதாகியிருக்கிறது, அதைத் தேடிச் சரிசெய்ய வேண்டும்.