துவக்கோடு கூட்டமாக நடக்கும்போது இளையோர் விடும் தவறுகள்

கொழும்பில் 10 மீற்றர் எயார் ரைபிள் பழகும் பிள்ளைகளுக்குக் குறிபார்க்க நன்றாகவே தெரியும். துவக்கோடு நடக்கத்தான் தெரியாது. சுடுதளத்தில் எல்லோரும் ஒரே கோட்டில், ஒரே பக்கம் பார்த்து நிற்பதால் அந்தப் பழக்கம் அங்கே தேவைப்படுவதில்லை. படிக்கப் போன நாட்டிலோ, மாமா சித்தப்பாவைப் பார்க்கப் போன இடத்திலோ வேட்டைக்குக் கூப்பிட்டால்தான் குறை வெளியே தெரியும். காட்டில் ஆட்கள் முன்னே போவார்கள், பின்தங்குவார்கள், குனிவார்கள், திரும்பிக் கதைப்பார்கள். ஒவ்வொரு அசைவோடும் குழல்வாய் காட்டும் திசையும் மாறும்.

இலங்கையில் இதைப் பழகிப் பார்க்க நினைக்க வேண்டாம். 1916ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி துவக்குக்கு உரிமம் வேண்டும். காட்டு விலங்குகளை 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காக்கிறது. வெளிநாட்டிலும் அந்தந்த ஊரின் பயிற்சி, அனுமதி, கூட வரும் பெரியவர் எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் போங்கள்.

முதல் தவறு, துவக்கைப் பிடிக்கப் பாதுகாப்பான முறை ஒன்றே ஒன்று இருக்கிறது என்று நினைத்து எல்லா இடத்திலும் அதையே செய்வது. எந்தப் பிடி சரி என்பதைப் பக்கத்தில் யார், எங்கே நிற்கிறார்கள் என்பதே தீர்மானிக்கும். தோளில் சாய்த்துப் போட்டால் குழல்வாய் பின்னால் வருபவரின் முகத்துக்கு நேரே இருக்கும். ஒரு கையில் தொங்கவிட்டு நடந்தால் முன்னால் போகிறவரின் முதுகைக் காட்டும். துவக்கின் பின்பாகமான கட்டையை அக்குளில் இடுக்கி, குழலை முன்கைமேல் சாய்த்துத் தரையை நோக்கிப் பிடிப்பதும் முன்னால் ஆள் இருக்கும்போது கூடாது. அந்தப் பிடியில் ஒரு கொப்பு தட்டினாலே குழல் விலகிவிடும். இரண்டு கைகளாலும் நெஞ்சுக்குக் குறுக்கே, குழல்வாய் மேலே சரிந்திருக்கப் பிடிப்பதுதான் கட்டுப்பாடு கூடிய பிடி. கை உளையும் என்பதால்தான் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். உளைந்தால் எல்லோரையும் நிறுத்தி இளைப்பாறுங்கள்.

மூன்று பேர் பக்கம் பக்கமாக நடக்கும்போது நடக்கும் தவறு கண்ணுக்கே தெரியாது. வலக்கைக்காரர் நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்தால் குழல் இடப்பக்கம் சரியும். துவக்கை இட முழங்கை மடிப்பில் குழந்தையைப் போல ஏந்தினால் நேராக இடப்பக்கத்தையே காட்டும். ஆகவே இடது ஓரத்தில் நடப்பவருக்கு இந்த இரண்டு பிடியும் சரி. அதே பிடியோடு வலது ஓரத்தில் நடப்பவர் நடுவில் இருப்பவரைக் குறிவைத்தபடியே போவார். குழுவில் இடக்கைக்காரர் இருந்தால் அவரை வலது ஓரத்தில் விடுங்கள். இல்லாவிட்டால் வலது ஓரத்தவர் குழலை முன்னோக்கிப் பிடிக்கட்டும். அவரைவிட முந்தி ஒருவரும் நடக்கக் கூடாது. நடுவில் இருப்பவருக்கு இரண்டு பக்கமும் ஆள் என்பதால் அவர் நேராக மேல்நோக்கியோ முன்னோக்கியோ மட்டும் பிடிக்கலாம். ஒருவர்பின் ஒருவராக வரிசையாகப் போனால் குழல் காட்ட வேண்டிய பக்கம்: முதல் ஆளுக்கு முன்பக்கம், கடைசி ஆளுக்குப் பின்பக்கம், இடையில் இருப்பவர்களுக்குப் பக்கவாட்டு. நடக்கத் தொடங்கும் முன்பே ஒவ்வொருவரும் தன் பக்கத்தை வாய்விட்டுச் சொல்வது நல்லது.

பின்னாலிருந்து ஒருவர் கூப்பிடுகிறார், நீங்கள் உடம்போடு திரும்புகிறீர்கள். அந்த ஒரு நொடியில் குழல்வாய் பக்கத்தில் நிற்கும் எல்லோரையும் வரிசையாகத் தொட்டுப் போகும். நில்லுங்கள், குழலை வானத்துக்கு உயர்த்துங்கள், பிறகு காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள். பதில் சொல்ல மட்டும் என்றால் தலை திரும்பினால் போதும். மேட்டில் ஏறும்போது இன்னொரு கவனமும் வேண்டும்: ‘மேலே’ என்று நினைத்துப் பிடித்த குழல், முன்னே ஏறுபவரின் காலுக்கு நேராக இருக்கும்.

தோளில் மாட்டும் வாரில் தொங்கும் துவக்கைப் பார்த்தால் மனம் நிம்மதியாகும், அதனால்தான் கவனம் குறைகிறது. சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிந்தால் குழல் தலைக்கு மேலால் முன்னே சரியும். பற்றைக்குள் வாரில் கொப்பு சிக்கினால் துவக்கு தோளிலிருந்து வழுக்கும். அடர்ந்த பற்றையில் வாரை நம்பாமல் கையில் எடுங்கள்.

விரலை விசைக்காப்புக்குள், அதாவது விசையைச் சுற்றியுள்ள வளையத்துக்குள், வைத்து நடப்பதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் போதாது. கால் வழுக்கினால் கை தானாக இறுகும். அதை யோசித்துத் தடுக்க நேரம் கிடையாது. போட்டி எயார் ரைபிளின் மெல்லிய விசைக்குப் பழகிய பிள்ளைகளின் விரல் விசையைத் தேடிப் போகும், அவர்களே கவனித்துத் திருத்த வேண்டும். சுட்டுவிரல் விசைக்காப்புக்கு வெளியே கட்டையோடு நேராக நீண்டிருக்கட்டும். விசையைப் பூட்டும் சேஃப்டியைப் போட்டாயிற்று என்பது இதற்கு ஈடாகாது. அது ஓர் இயந்திரப் பகுதி, தேயும், கொப்பு தட்டியும் விலகும். இளையோர் குழுவாக நடக்கும் வரை குழல் அறையில் தோட்டாவே வேண்டாம் என்பதுதான் எங்கள் உறுதியான கருத்து. காத்திருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு ஏற்றினால் போதும்.

வேலி, விழுந்த மரம், வாய்க்கால் எதுவானாலும் தோட்டாவைக் கழற்றி, குழல் அறையை மூடும் போல்ட்டைத் திறந்துவிட்டுத்தான் கடக்க வேண்டும். தனியே என்றால் துவக்கை வேலிக்குக் கீழால் மறுபக்கம் கிடையாக வைத்து, குழல்வாய்க்கு முன்னால் போகாமல் கட்டைப் பக்கமாகக் கடந்து போங்கள். இருவர் என்றால் ஒருவர் இரண்டு துவக்கையும் பிடிக்க மற்றவர் கடக்கட்டும். கொடுக்கும்போது திறந்திருக்கும் அறையைக் காட்டுங்கள். வாங்குபவர் “பிடிச்சிட்டன்” என்று சொல்லும் வரை கையை விடாதீர்கள்.

நிறமும் முக்கியம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் துவக்கால் மான் வேட்டையாடும் பருவத்தில் இடுப்புக்கு மேலே குறைந்தது 400 சதுர அங்குலம் ஒளிர் செம்மஞ்சள் உடையும், அதே நிறத் தொப்பியும் கட்டாயம். குளிருக்கு அதன்மேல் இன்னொரு ஜக்கெற்றைப் போட்டு மறைத்துவிடாதீர்கள்.

விழுந்து எழும்பினால் முதலில் தோட்டாவைக் கழற்றுங்கள். போல்ட்டைத் திறந்து, வெளிச்சத்துக்கு எதிரே குழலுக்குள் பின்பக்கத்திலிருந்து பாருங்கள். சேறோ பனியோ அடைத்திருந்தால் சுடும்போது குழல் வெடிக்கலாம். துப்புரவாக்கக் கம்பி கையில் இல்லையென்றால் அன்றைக்கு அந்தத் துவக்கு பெட்டிக்குள் போக வேண்டியதுதான்.