தாத்தாவின் பட்டாள எண்ணைத் தேடி ஊருக்கு வருகிறவர்களுக்கு

இரண்டாம் உலகப்போரில் பட்டாளத்துக்குப் போன தாத்தாவின் விவரம் தேடி வெளிநாட்டிலிருந்து வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் வருகிறவர்கள் முதலில் பிடிக்க வேண்டியது அவருடைய பட்டாள எண்ணை. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு போனால் ஒன்றும் நகராது. அன்றைய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் அது.

பட்டாளத்திலிருந்து விடுவிக்கும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தால் எண் அதில் இருக்கும். இல்லாவிட்டால் மெடலைப் பாருங்கள். இந்தியாவில் வழங்கிய நட்சத்திர மெடல்களின் பின்பக்கத்திலும் வட்ட மெடல்களின் விளிம்பிலும் எண், பதவி, பெயர், பிரிவு எல்லாம் பலவற்றில் பொறித்திருக்கும். புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து மழுங்கிவிடும். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படம் எடுங்கள். மெடலும் இல்லையென்றால், பாட்டிக்கு மாத உதவித்தொகை வந்ததா என்று கேளுங்கள். ஓய்வூதியம் இல்லாத உலகப்போர் வீரர்களின் விதவைகளுக்குத் தமிழக அரசு கொடுப்பது அது. அவர் வாங்கியிருந்தால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக் கோப்பில் எண் கிடைக்க வாய்ப்புண்டு.

மெட்ராஸ் ரெஜிமென்டின் ஆவண அலுவலகம் நீலகிரி வெலிங்டனில், பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸுடையது பெங்களூரில். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டோடு வாசலில் போய் நின்று பயனில்லை. பதிவுத் தபாலில் எழுதுங்கள். ஓய்வூதியம் பெறாதவர்களின் பணிப் பதிவேடுகளை 25 ஆண்டுகளுக்குப் பின் அழித்துவிடலாம் என்பது ராணுவ விதி. 1946இல் வீடு திரும்பியவரின் தாள்கள் எப்போதோ போயிருக்கும். ‘லாங் ரோல்’ என்னும் நிரந்தரப் பேரேட்டில் அவருடைய பதிவின் நகல் வேண்டும் என்று அதே பெயர் சொல்லிக் கேளுங்கள். ‘சர்வீஸ் ரெக்கார்ட்’ என்று கேட்டால் ‘அழிக்கப்பட்டது’ என்ற ஒரு வரிப் பதிலோடு முடிந்துவிடும். தகவல் உரிமைச் சட்டத்தில் ₹10 கட்டிக் கேட்கலாம், 30 நாள் கெடு. ஆனால் அது இந்தியக் குடிமக்களுக்கு மட்டும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை செல்லாது.

ஆவண அலுவலகம் உறவுக்கு ஆதாரம் கேட்டால் ஊரில் யாராவது ஒருவர் ‘வாரிசுச் சான்று வாங்கிடுங்க’ என்பார். அந்த வார்த்தையை நம்பி நேரே இ-சேவை மையத்துக்குப் போகாதீர்கள். மனு போட்டதும் வி.ஏ.ஓ. தெருவில் விசாரிப்பார். சாயங்காலத்துக்குள் பங்காளிகள் எல்லோருக்கும் சேதி போய்விடும். வெளிநாட்டிலிருந்து வந்தவர் வாரிசுச் சான்று கேட்டால் ஊரில் அதற்கு ஒரே பொருள்தான்: நிலத்தில் பங்கு. தாத்தா பர்மாவில் எங்கே இருந்தார் என்று தெரிந்துகொள்ளத்தான் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். நம்பாததற்கு அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அந்த நிலத்தை உழுதவர்கள் அவர்கள். பாட்டி படுக்கையில் கிடந்தபோது துடைத்துவிட்டவர்களும் அவர்கள்தான். நாம் பணம் அனுப்பினோம்.

அப்புறம் வரும் கோரிக்கை இது: ‘பங்கு வேணாம்னா விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் போப்பா.’ பங்கை விட்டுக்கொடுத்து எழுதித்தரும் பத்திரம் அது. கோபத்திலோ குற்ற உணர்விலோ அங்கேயே சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கிளம்பிவிடாதீர்கள். பதிவான விடுதலைப் பத்திரத்தை உங்கள் இஷ்டத்துக்கு ரத்து செய்ய முடியாது. உங்கள் அப்பா உயிரோடு இருந்தால் அவர் பங்குக்குக் கையெழுத்திட வேண்டியவர் அவரே. விட்டுக்கொடுக்க மனமிருந்தால் நல்லதுதான். அதைத் தனியாக, சர்வே எண்களைச் சரிபார்த்து, வக்கீலிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

இந்தச் சிக்கலே வராமல் இருக்க ஒரு வழி உண்டு. ஆவண அலுவலகத்துக்கு மனு எழுதுவதற்கு முன்பே ஊரில் இருக்கும் பெரியப்பாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். விண்ணப்பத்தை அவர் பெயரிலேயே போடுங்கள். அவர் தாத்தாவின் மகன், இந்தியக் குடிமகன்; அவருடைய பள்ளிச் சான்றில் அப்பா பெயர் இருக்கும். பதிலும் அவர் முகவரிக்கே வரட்டும்.

போரில் இறந்தவராக இருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடலாம். ஊரைப் பழைய மாவட்டப் பெயரோடு, ‘வட ஆற்காடு’ என்று போட்டுப் பாருங்கள். தகனம் செய்யப்பட்டவர்களுக்குக் கல்லறை இருக்காது, நினைவுச்சின்னத்தில் பெயர் மட்டும். பர்மாவில் இறந்தவர்கள் பலரின் பெயர் யாங்கோனுக்கு வடக்கே தௌக்கியானில் இருக்கிறது, மலாயாவில் இறந்தவர்கள் பலருடையது சிங்கப்பூர் கிராஞ்சியில். சென்னை நந்தம்பாக்கத்துக் கல்லறைக்குப் போய் அங்கே பெயர் இல்லையே என்று மனம் ஒடிந்துவிடாதீர்கள்.

மெடலையும் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள். 75 ஆண்டு கடந்த வரலாற்று ஆவணங்களையும் 100 ஆண்டு கடந்த பொருள்களையும் தொல்பொருள் சட்டம் வெளியே விடுவதில்லை. முதல் உலகப்போர் மெடல்கள் அந்த வயதை எட்டிவிட்டன. ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். அசல் பெரியப்பா வீட்டிலேயே இருக்கட்டும்.