பாட்டை அனுப்பும்போது இசையமைப்பாளர் பெயரையும் சேர்த்து அனுப்புங்கள்

பிடித்த பாட்டை நண்பர்களுக்கு அனுப்பும்போது வெறும் லிங்க்கோடு நிறுத்தாமல், இசையமைப்பாளர், பாடியவர், படம், ஆண்டு என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரி இல்லாததால்தான் பல நல்ல கலைஞர்கள் மறக்கப்படுகிறார்கள்.

இசையமைப்பாளர் வி. குமாரையே எடுத்துக்கொள்ளுங்கள். 'நீர்க்குமிழி' (1965) படத்தில் சீர்காழி கோவிந்தராஜன் பாடிய 'ஆடி அடங்கும் வாழ்க்கையடா', 'வெள்ளி விழா' (1972) படத்தில் எல்.ஆர். ஈஸ்வரி கிசுகிசுப்பாகப் பாடிய 'காதோடுதான் நான் பாடுவேன்', 'தேன் சிந்துதே வானம்' (1975) படத்தில் யேசுதாஸின் 'உன்னிடம் மயங்குகிறேன்' எல்லாமே அவருடைய இசைதான். எம்.எஸ்.வி. பாட்டு என்று நினைத்தே இவற்றை ரசிப்பவர்கள் நிறையப் பேர். அந்த எம்.எஸ்.வி.யே 'வெள்ளி விழா'வில் குமாரின் இசையில் 'உனக்கென்ன குறைச்சல்' பாடியிருக்கிறார். எவ்வளவு அழகான விஷயம்!

சரி, பெயரை எப்படி உறுதி செய்வது? யூடியூபில் முழுப் படம் இருந்தால் டைட்டில் கார்டைப் பாருங்கள். செயலிகளில் வரும் விவரத்தை மட்டும் நம்ப வேண்டாம். பழைய பாடல்களுக்கு அது சில நேரம் தப்பாக இருக்கும்.

அப்புறம், ஒரே நாளில் பத்துப் பாட்டு அனுப்பினால் யாரும் கேட்க மாட்டார்கள். வாரத்துக்கு ஒன்று போதும். 'ஈஸ்வரி குரலைத் தாழ்த்திப் பாடும் விதத்தைக் கவனி' என்பதுபோல, எதைக் கேட்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். கானா, நாட்டுப்புறப் பாட்டு, நாதஸ்வரம் எதுவானாலும் இப்படியே செய்யலாம்.