பீரியட்ஸ் நாட்களில் பிபி: பழியை எதன் மேல் போடுகிறோம்?

பெண்கள் ஹாஸ்டலில் பீரியட்ஸ் நேரத்தில் ஒருத்திக்குத் தலை சுற்றினால், ‘லோ பிபி’ என்று அடுத்த நொடியே முடிவாகிவிடும். உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ் வரும். பிபியை அளந்து பார்க்க மட்டும் யாருக்கும் தோன்றாது. நாம் செய்யும் முதல் தவறு இதுதான்.

ஆரோக்கியமான இளம்பெண்ணுக்கு மாதவிடாய்ச் சுழற்சியால் பிபி மாறுவது பெரும்பாலும் சில புள்ளிகள்தான். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ரத்தக் குழாய்களைத் தளர்த்தும். கருமுட்டை வெளியான பிறகு கூடும் இன்னொரு ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் உப்பைச் சிறுநீரில் தள்ளிவிடப் பார்க்கும். உடனே உடல் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைக் கூட்டி உப்பைப் பிடித்து வைக்கும். இப்படி ஒன்றை ஒன்று ஈடுகட்டுவதால் கணக்கு ஏறக்குறைய நேராகிவிடுகிறது. சுழற்சியின் இந்தப் பின்பாதியில் இதயத் துடிப்பு லேசாகக் கூடுவதும் இயல்பு. ஸ்மார்ட் வாட்சில் அதைப் பார்த்துவிட்டு பிபி ஏறிவிட்டதாகப் பயப்பட வேண்டாம்.

அப்படியென்றால் தலைசுற்றல் எங்கிருந்து வருகிறது? கடுமையான வயிற்றுவலியில் சிலருக்கு பிபி சட்டென்று இறங்கி மயக்கம் வருவது உண்மைதான். படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்தினால் சில நிமிடங்களில் தெளிந்துவிடும். ஆனால் மாதாமாதம் சோர்வு, படியேறினால் மூச்சு வாங்குவது, படபடப்பு என்று இருந்தால் ஹீமோகுளோபினைப் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைகிறது, ஏழு நாளைத் தாண்டியும் நிற்கவில்லை, பெரிய கட்டிகளாகப் போகிறது என்றால் அது அதிக ரத்தப்போக்கு. ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் எலுமிச்சை ஜூஸால் ஆகப்போவது ஒன்றுமில்லை. இரும்புச்சத்து மாத்திரை வேண்டும், ரத்தப்போக்குக்கு வைத்தியமும் வேண்டும். மாத்திரையை டீயோடு விழுங்கக் கூடாது, டீ இரும்பை உடலில் சேரவிடாது. ‘பொம்பளைன்னா இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்’ என்று வீட்டில் சொல்வதைக் கேட்டு வருடக்கணக்கில் சும்மா இருந்துவிடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது.

பிபியை ஏற்றுவதில் சுழற்சியைவிட மாத்திரைகளுக்குப் பங்கு அதிகம். மெஃபெனமிக் அமிலம், ஐபுபுரோஃபென் போன்ற வலிமாத்திரைகள் உடலில் உப்பையும் நீரையும் தேக்கும். மற்றபடி ஆரோக்கியமாக இருப்பவர் ஓரிரு நாள் போட்டால் பொதுவாகப் பிரச்சினை இல்லை. ஏற்கெனவே பிபியோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையும் சிலருக்கு பிபியை ஏற்றும். தொடங்கும் முன் ஒருமுறை, பிறகு அவ்வப்போது அளக்க வேண்டும். கண்ணில் ஒளிக்கோடுகள் தெரிந்து ஒற்றைத் தலைவலி வருபவர்கள் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும், அவர்களுக்கு இந்த மாத்திரையால் பக்கவாத ஆபத்து கூடும். கல்யாணம், கோயில் திருவிழா என்று பீரியட்ஸ் தேதியைத் தள்ளிப்போட மெடிக்கலில் தாமாகவே மாத்திரை வாங்குவதையும் விட்டுவிடுங்கள்.

அப்புறம், அளக்கும் விதம். வலியில் சுருண்டு கிடக்கும்போதோ, காபி குடித்த கையோடோ எடுத்த அளவை நம்ப முடியாது. சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்து உட்காருங்கள். பாதம் தரையில், கை இதயத்தின் மட்டத்தில் இருக்கட்டும். பிபி கருவியின் பட்டையைச் சுடிதார் கையின் மேல் சுற்றாதீர்கள். பட்டை சிறியதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுங்கள்.

எந்தத் தொந்தரவும் இல்லாமல் 90/60 காட்டினால் அது நோயில்லை. வீட்டில் பல நாள் பார்த்தும் 135/85-க்கு மேலேயே நின்றால், ‘பீரியட்ஸ் வரப்போகுது, அதனாலதான்’ என்று ஒதுக்காமல் டாக்டரைப் பாருங்கள். இளவயதில் வரும் பிபிக்குச் சிறுநீரகமோ தைராய்டோ காரணமாக இருக்கலாம். பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருப்பவர்களுக்கும் பிபி கூடும் வாய்ப்பு அதிகம். போகும்போது அளவுகளோடு, அது பீரியட்ஸின் எத்தனையாவது நாள், அன்று என்ன மாத்திரை போட்டீர்கள் என்பதையும் எழுதி எடுத்துப் போங்கள்.