நெல்லையிலிருந்து தூதர் பதவி வரை

பாளையங்கோட்டைக் கல்லூரியில் எந்தப் பட்டம் பெற்றிருந்தாலும், 21 வயது நிரம்பியவர் யூ.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வை எழுதலாம். முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுதவும் இடமுண்டு. தூதராக விரும்புபவர் பணி விருப்பப் பட்டியலில் ஐ.எஃப்.எஸ். என்னும் இந்திய வெளியுறவுப் பணியை முதலில் குறிப்பிட வேண்டும்; வீட்டார் கலெக்டர் வேலையைத்தான் கேட்பார்கள் என்பது வேறு கதை. 275 மதிப்பெண்ணுக்கான நேர்முகத்தில் சொந்த மாவட்டத்தைப் பற்றிக் கேள்வி எழுவது வழக்கமாதலால், கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு வழிவகுத்த 1988ஆம் ஆண்டின் இந்திய-சோவியத் ஒப்பந்தம் முதல், அந்நிலையத்தை எதிர்த்த இடிந்தகரை மீனவர்களின் அச்சம் வரை, இரு தரப்பு நியாயங்களையும் நிதானமாக எடுத்துரைக்கப் பழகுங்கள்; தூதரின் அன்றாட வேலையும் ஏறத்தாழ அதுதான். தேர்வானவர்கள் முசோரியிலும் டெல்லியிலும் பயிற்சி பெற்று, ஒதுக்கப்படும் அயல்மொழியையும் கற்றுத் தேற வேண்டும். தூதரகத்தின் தொடக்கநிலைப் பதவியான மூன்றாம் செயலராகத் தொடங்குபவர் தூதராகப் பல ஆண்டுகள் ஆகும். அப்போதும், அவரைத் தூதராக அறிமுகப்படுத்தும், குடியரசுத் தலைவர் கையொப்பமிட்ட நற்சான்றுக் கடிதத்தைத் தாம் பணியாற்றப்போகும் நாட்டின் தலைவரிடம் முறைப்படி அளித்த பிறகே முழுப் பொறுப்பும் அவர் கைக்கு வரும்.